இல்லத்துப் பிள்ளைகளிடம் விடைபெறுதல்

அன்புள்ள ஐயா,

சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஆற்றுப்படுத்துநராகப் பணிபுரிகிறேன். ‘பிள்ளைகளிடம் பாசம் வைக்காதே, பிறகு அவர்களுக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம்’ என்று மூத்த பணியாளர்கள் சேர்ந்த நாளிலிருந்தே சொல்லி வந்தார்கள். என்னால் அப்படி இருக்க முடியவில்லை. இப்போது வேறு ஊரில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. குடும்பச் சூழலால் அதை மறுக்கவும் இயலாது. ஆறு வாரத்தில் கிளம்ப வேண்டும். முன்கூட்டியே சொன்னால் பிள்ளைகள் அழுது ஆர்ப்பாட்டம் செய்வார்கள், கடைசி நாளில் இனிப்பு கொடுத்துவிட்டுப் புறப்படு என்கிறார்கள். என்னிடம் மட்டுமே மனம்விட்டுப் பேசும் 13 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவனை நினைத்தால், மூத்தவர்கள் சொன்னதே சரியோ என்று தோன்றுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன)

அன்புள்ள வாசகிக்கு,

கண்காணிப்பாளரிடம் பேசிவிட்டு இந்த வாரமே சொல்லிவிடுங்கள். ஆறு வாரம் என்பது அந்தப் பையனுக்கு அதிகமான காலம் அல்ல.

உங்கள் மூத்தவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நான் நினைக்கவில்லை. குறைந்த தொகுப்பூதியத்தில், ஆண்டுதோறும் நீட்டிப்பு ஆணைக்குக் காத்திருந்து, எத்தனையோ பிள்ளைகள் வந்து போவதைப் பார்த்தவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கண்டுபிடித்த வழி அது. ஆனால் அது பணியாளரைக் காக்கிறதே தவிர, பிள்ளையைக் காக்கவில்லை.

1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் குழந்தை உளவியல் ஆய்வாளர்களான ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் மருத்துவமனையில் தாயைப் பிரிந்திருந்த சிறு குழந்தைகளைக் கவனித்து எழுதியதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். குழந்தை முதலில் அழுது எதிர்ப்புக் காட்டுகிறது. பிறகு சோர்ந்து ஒடுங்குகிறது. அதன் பின் யார் வந்தாலும் போனாலும் பொருட்படுத்தாத ஒரு நிலையை அடைகிறது. அந்த மூன்றாம் நிலையைத்தான் அன்றைய மருத்துவமனைகள் ‘குழந்தை பழகிவிட்டது’ என்று எடுத்துக்கொண்டன. பெற்றோரைக் கண்டதும் குழந்தைகள் மீண்டும் அழுததால், பார்க்க வருவதே கெடுதல் என்று கருதிப் பார்வை நேரத்தைச் சுருக்கவும் செய்தன. உங்கள் இல்லத்தில் சொல்லப்படும் அறிவுரையிலும் இதே பிழை இருக்கிறது. அழுகை வெளியே தெரிகிறது. அழாமல் போவதன் சேதம் தெரிவதில்லை. ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளின் பராமரிப்பை முடிவுசெய்யும் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில் ‘இவனால் எந்தத் தொந்தரவும் இல்லை’ என்று அறிக்கையில் எழுதப்பட்டு வந்த பிள்ளைகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன்.

இல்லத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர், சொல்லாமல் போன பெரியவர்களின் நீண்ட வரிசையைக் கடந்து வந்தவர்கள். இறந்த தாய், வேலைக்குப் போய்த் திரும்பாத தந்தை, இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டுக் கைவிட்ட சித்தி என்று அது நீள்கிறது. இனிப்பு கொடுத்துவிட்டு மறையும் அக்காவும் அந்த வரிசையில்தான் சேருவார். நீங்கள் போவதைத் தடுக்க முடியாது. ஆனால் முன்பே சொல்லி, காரணம் கூறி, அழவும் கோபப்படவும் இடம் கொடுத்துப் போகும் ஒருவரை அவன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்திக்க முடியும்.

முதலில் அந்தப் பையனிடம் தனியாகச் சொல்லுங்கள். சமையலறைப் பேச்சிலிருந்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. எந்தத் தேதி என்பதைச் சொல்லி, நாட்காட்டியில் அவனையே குறிக்கச் செய்யுங்கள். காரணத்தை உண்மையாகச் சொல்லுங்கள். அவன் செய்த எதனாலும் நீங்கள் போகவில்லை என்பதை ஒருமுறைக்குப் பலமுறை சொல்லுங்கள், ஏனென்றால் அவன் கேட்காமலே அப்படித்தான் நினைத்துக்கொள்வான். ‘அடிக்கடி வந்து பார்ப்பேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பிறந்தநாளுக்கு ஒரு கடிதம் எழுத முடியும் என்றால், கண்காணிப்பாளரின் ஒப்புதலோடும் அவர் வழியாகவும், அதை மட்டும் உறுதியளித்து நிறைவேற்றுங்கள்.

அதன் பிறகு அவன் உங்களிடம் பேசாமல் இருக்கலாம். உங்கள் பொருளை எடுக்கலாம், கெட்ட வார்த்தை சொல்லலாம், வெளியே ஓடிப்போகவும் முயலலாம். கைவிடப்படுவதற்கு முன் தானே உறவை முறித்துக்கொள்வது அவனுக்குத் தெரிந்த தற்காப்பு. ஓடும் முயற்சியைப் பற்றி மற்றப் பணியாளர்களை முன்பே எச்சரித்து வையுங்கள். கோபத்துக்காக அவன் தண்டிக்கப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாக அவனோடு உட்காரும் நேரத்தில், அவன் பேசாவிட்டாலும், போய் உட்காருங்கள். இந்த ஆறு வாரத்தில் நீங்கள் செய்யக்கூடிய மிகக் கடினமான வேலை அதுதான்.

சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுக்காதீர்கள். பிரிவு விழாவின் படங்களை எங்கும் பகிராதீர்கள். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளிப்படுத்துவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74, தடைசெய்கிறது.

அடுத்தது, பொறுப்பை ஒப்படைத்தல். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அந்தப் படிவம் பல இடங்களில் ஒரே வாக்கியங்களால் நிரப்பப்படுகிறது. நீங்கள் அப்படி விட்டுச் செல்லாதீர்கள். எந்த ஓசைக்கு அவன் பதறுகிறான், ஏன் தலையணைக்கடியில் பிஸ்கட்டை ஒளித்து வைக்கிறான், கோபம் தணிய எவ்வளவு நேரம் ஆகும், எந்த உறவினர் பெயரைச் சொன்னால் அமைதியாகிறான் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அவன் நம்பிச் சொன்னவற்றில் எதை எழுதலாம் என்று அவனிடமே கேளுங்கள். ஆனால் அவன் பாதுகாப்பைத் தொடும் செய்தியை மறைக்க முடியாது என்பதையும் சொல்லுங்கள். பாலியல் கொடுமை என்றால் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. உங்களுக்குப் பின் வருபவர் இன்னும் நியமிக்கப்படவில்லை என்றால், இல்லத்தில் நிலைத்திருக்கும் ஒருவரை அவனே தேர்ந்தெடுக்கட்டும். பெரும்பாலும் அது சமையல் அம்மாவாக இருக்கும். பட்டம் படித்த நாமெல்லாம் மாறிக்கொண்டே இருக்க, பிள்ளைகளின் விருப்பு வெறுப்பைப் பத்து ஆண்டுகளாக அறிந்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் இடம் கொடுக்க எந்தத் துறையும் யோசிப்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் இல்லத்தில் 17 வயதில் இருப்பவர்களின் கோப்புகளைப் போவதற்குள் எடுத்துப் பாருங்கள். 18 முடிந்து வெளியேறுபவர்களுக்குப் பிற்காப்பு உதவி தர இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 46 வழி செய்கிறது. அந்த உதவி 21 வயது வரை உண்டு; தனிச் சூழல்களில் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்க 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இடம் தருகின்றன. இது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவை கையில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பெற்றோர் விவரமே இல்லாத பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கப் பல மாதங்கள் ஆகும். தொடங்கிய விண்ணப்பங்களின் பட்டியலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புதல் கையொப்பத்தோடு ஒரு நகலை அந்தந்தப் பிள்ளையின் கையிலும் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

அன்புடன்.