அமெரிக்காவில் எஸ்தெடிஷியன் உரிமம் பெறுவது எப்படி? தேர்வுக்கு எதை முதலில் படிக்க வேண்டும்?

முகச் சுத்திகரிப்பு, மேலோட்டமான தோல் உரிப்பு, வாக்ஸ் கொண்டு முடி நீக்குதல் போன்ற சருமப் பராமரிப்புப் பணிகளைக் கட்டணம் பெற்றுச் செய்ய உரிமம் பெற்றவரே எஸ்தெடிஷியன். உரிமத்தை மாநிலங்கள் வழங்குவதால் பயிற்சி நேரமும் வேறுபடுகிறது: டெக்சாஸில் 750 மணி நேரம், கலிபோர்னியாவில் 600, புளோரிடாவில் 220. பயிற்சிக்குப் பின் பெரும்பாலான மாநிலங்களில் எழுத்துத் தேர்வும், சிலவற்றில் செய்முறைத் தேர்வும் உண்டு.

அழகுப் பணிக்கு அரசின் உரிமம் எதற்கு என்று தோன்றலாம். ஒரே கருவி பலருடைய தோலைத் தொடுவதாலும், கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாகவும் கிருமி நுழையக்கூடும் என்பதாலும், மக்களின் பாதுகாப்பே இங்கு முதன்மையாகிறது. ஓட்டுநர் தேர்வில் வண்டியை எவ்வளவு நேர்த்தியாக ஓட்டுகிறீர்கள் என்பதைவிட, பிறருக்கு ஆபத்தின்றி ஓட்டுவீர்களா என்பதையே பார்ப்பதைப் போன்றது இது.

ஆகவே, தொற்றுத் தடுப்பையே முதலில் படியுங்கள் என்பேன். கருவியைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, கிருமிநாசினியில் முழுவதும் மூழ்கும்படி இட்டு, புட்டியின் மேல் குறித்துள்ள நேரம் முடியும்வரை வைத்திருக்க வேண்டும். கழுவாமல் இட்டால், ஒட்டியிருக்கும் அழுக்கும் எண்ணெயும் மருந்தைக் கிருமியிடம் சேரவிடாமல் தடுத்துவிடும். வாக்ஸில் ஒருமுறை தொட்டுத் தோலில் தடவிய குச்சியை மறுபடியும் அதே பாத்திரத்தில் விடக் கூடாது என்பதும் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாமல் தடுக்கத்தான். அடுத்ததாகத் தோலின் அடுக்குகளையும், எந்த நிலையில் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் படியுங்கள்.

இந்த உரிமம் இருந்தால் தோல் நோய்களைக் கண்டறிந்து மருந்தும் கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது மருத்துவரின் பணி, எஸ்தெடிஷியன் உரிமம் அதை அனுமதிப்பதில்லை.