வாசகர் கேள்வி - பதில்: கடற்கரை அவரையும் காட்டுப் பயறும்

கேள்வி: உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள மணலில், அடம்பன் கொடிக்கு நடுவே அவரை போன்ற ஒரு கொடி படர்ந்து ஊதா நிறத்தில் பூக்கிறது. இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் இதன் கொட்டையை அவித்து உண்டதாக மாமியார் சொல்கிறார். இதில் சத்து உண்டா? பருப்புக்குப் பதிலாகச் சமைக்கலாமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: நீங்கள் வர்ணிப்பதைப் பார்த்தால், அது வாளவரையின் நெருங்கிய உறவான கடலோர அவரையாக இருக்க வேண்டும். அடம்பனின் இலை நுனியில் பிளந்து ஆட்டுக்குளம்பு போலத் தெரியும். இதற்கோ ஒரே காம்பில் மூன்று வட்டமான சிற்றிலைகள் இருக்கும். காய் தடித்து, முதுகோரத்தில் வரப்பு ஓடி, உள்ளே கபில நிற விதைகளுடன் காணப்படும். இந்த அடையாளங்களில் ஒன்று குறைந்தாலும் பறிக்காதீர்கள்.

சத்து நிச்சயமாக உண்டு. வாளவரை இனத்து உலர்ந்த விதைகளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் வரை புரதம் இருக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கும் பாசிப்பயறில் இருப்பது சுமார் 24 கிராம். அத்துடன், அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் இவற்றில் தாராளமாகவும், இவற்றில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் கூடுதலாகவும் இருப்பதால், சோற்றோடு சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் சமைக்காத விதைக்கு உரியது. வயிற்றுக்குள் சேர்வது வேறு கணக்கு. இவ்விதைகளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்களும், குடற்சுவரில் ஒட்டித் தொல்லை தரும் கொன்கனவலின் என்ற புரதமும், கனவனின் என்ற நச்சு அமினோ அமிலமும் உள்ளன. முதல் இரண்டையும் நன்றாகக் கொதிக்கவைத்து அடக்கிவிடலாம். கனவனின் சூட்டுக்கு அவ்வளவாக அசைவதில்லை. ஆனால் நீரில் கரையும். ஆகவே அவிப்பதைப் போலவே, அவித்த தண்ணீரைக் கொட்டுவதும் முக்கியம். (1926இல் ஜேம்ஸ் சம்னர் ஒரு நொதியை முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்ததும் இந்த இனத்து விதையொன்றிலிருந்துதான், 1946இல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. வேலியோரத்துக் கொடிக்கு இப்படியும் ஒரு பெருமை.)

செய்முறை இதுதான்: விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, புதுத்தண்ணீரில் கொதிக்கவைத்து வடிக்க வேண்டும். கனமான தோல் அப்போது நெகிழ்ந்திருக்கும். விரல்களுக்கிடையில் வைத்து அமுக்கினால் பருப்பு வழுகி வெளியே வரும். தோலை நீக்கிய பின் குறைந்தது இன்னும் இரண்டு தடவை தண்ணீர் மாற்றி, பருப்பு விரலில் மசியும் வரை அவிக்க வேண்டும். அடுப்பைத் தணித்து வைத்து, கொதி வராமல் இளஞ்சூட்டில் வேகவிடுவது தவறு.

அன்றாடப் பருப்பின் இடத்தில் இதை வைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எப்போதாவது ஒரு நாள், சிறிதளவு, அதுவும் பெரியவர்களுக்கு மட்டும் போதும். அதற்காக மாமியார் சொல்வதைப் பஞ்சகாலக் கதை என்று தள்ளிவிடவும் வேண்டாம். அன்று எத்தனை தண்ணீர் வடித்தார்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். நான் எழுதியதைவிடத் திருத்தமான பதில் கிடைக்கக்கூடும்.

கேள்வி: நடுக்கவாதத்துக்கு மருந்து எடுக்கும் என் அப்பாவுக்குப் பூனைக்காலி விதை நல்லது என்று ஒருவர் தூள் கொண்டுவந்து தந்தார். சத்துமாவில் கலந்து கொடுக்கலாமா?
- வாசகர், மூதூர்

பதில்: வைத்தியரைக் கேட்காமல் ஒரு கரண்டிகூடக் கொடுக்க வேண்டாம். பூனைக்காலி விதையில் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்கு வரை லெவோடோப்பா இருக்கிறது. அப்பாவின் மாத்திரையிலும் பெரும்பாலும் அதே பொருள்தான் இருக்கும். மாத்திரையில் அளவு எழுதியிருக்கும், தூளில் எழுதியிருக்காது. இரண்டும் சேர்ந்தால் குமட்டலும், இரத்த அழுத்த வீழ்ச்சியும், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவதும் நேரலாம்.

புரதம் மிகுந்தது என்பதால் இதை உணவாகக் கொள்ளும் மக்கள் உண்டு என்பது மெய்தான். அவர்களும் பல தடவை நீர் மாற்றி அவித்த பின்பே உண்கிறார்கள். 1989இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில், தண்ணீர்த் தட்டுப்பாட்டால் வடித்துக் கொட்ட வேண்டிய நீரைக் கொட்டாமல் சமைத்து உண்ட இருநூறுக்கும் மேற்பட்டோருக்குச் சித்தம் கலங்கியது.

கேள்வி: பயமின்றிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய, நாம் கவனிக்காமல் விட்ட அவரையினம் எது?
- வாசகி, தம்பலகாமம்

பதில்: சிறகவரை. சிங்களத்தில் 'தம்பல' என்பார்கள். பிஞ்சுக்காயை வறை செய்யலாம். இளம் இலையும் பூவும் கிழங்கும்கூட உண்ணத்தக்கவை. முற்றிய விதையில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் புரதமும், சுமார் 16 கிராம் கொழுப்பும் உண்டு. விதையை மட்டும் ஊறவைத்து நன்றாக அவிக்க வேண்டும். அடுத்தது கொள்ளு. மாட்டுக்கு வைப்பது என்று நாம் ஒதுக்கிய அதில் 22 கிராமளவு புரதம் இருக்கிறது.

பிள்ளைகள் வேலியில் பொறுக்கிவரும் சிவப்பு விதையில் கறுப்புக் கண் இருந்தால் அது குன்றிமணி. அதுவும் அவரைக் குடும்பம்தான், ஆனால் மென்று விழுங்கினால் ஒரு விதைகூடக் குழந்தையின் உயிரைப் பறிக்கலாம். வாயில் போட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.