ஓடும்போது மட்டும் நின்றுவிடும் பிஎம்எஸ்: செல்லும் பழுதில்லை, போர்ட்டும் பழுதில்லை என்றால்?

"நானே செய்த பிஎம்எஸ் போட்ட ஸ்கூட்டர் ஓட்டத்தில் திடீரென்று நின்றுவிடுகிறது, நிறுத்திவிட்டு மீற்றர் வைத்தால் எல்லாச் செல்லும் ஒரே அளவு காட்டுகிறது, செல் பழுதா போர்ட் பழுதா" என்று கேட்டிருக்கிறீர்கள். பிஎம்எஸ் என்றால் பற்றரியின் ஒவ்வொரு செல்லையும் கவனித்து, ஆபத்தென்றால் மின்னை வெட்டும் போர்ட். தம்பி, இரண்டும் இல்லாமல் இருக்கலாம். புதுச் செல்லுக்குக் காசு அனுப்பாமல் ஒருக்கா பொறுங்கள். நான் அனுப்பியவன்.

நீங்கள் எழுதாவிட்டாலும் உங்கள் நிலைமை எனக்குத் தெரிகிறது. லெட் அசிட் பற்றரி செத்துப்போன பழைய 48 வோல்ற் ஸ்கூட்டர். எங்கிருந்தோ கழற்றி விற்ற லித்தியம் இரும்பு பொஸ்பேற் செல்கள். இரவிரவாக இருந்து ஒட்டிய போர்ட். என்னுடையதும் அதே கதைதான்.

நான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் யூபிஎஸ், இன்வேட்டர் திருத்துகிறவன். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்து, பிறகு கியூஆர் எரிபொருள் பங்கீடு வந்தும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றானபோது இந்த ஸ்கூட்டரைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். 30 அம்பியர் மணிச் செல்கள் 15. ஏன் 15 என்றால், நான் பாவித்த டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிகியூ76940 என்ற சிப்பால் அதற்கு மேல் பார்க்க முடியாது. ஒரு செல் 3.2 வோல்ற் என்றால் 15க்கு 48, கணக்கும் வடிவாய்ப் பொருந்தியது. பழைய லெட் அசிட் சார்ஜரை மட்டும் மாற்றினேன். அது 58 வோல்ற் வரை ஏற்றும், 15 செல்லுக்கு 54.75க்கு மேல் போகக்கூடாது. நீங்கள் இன்னும் அந்தப் பழைய சார்ஜரைத்தான் போடுகிறீர்கள் என்றால் முதலில் அதைக் கழற்றி வையுங்கள், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

"வீட்டில் லித்தியம் செய்கிறான், எரிந்து சாகப்போகிறான்" என்று எழுத வருகிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செல்லின் வோல்றைச் சிப்புக்குக் காட்டும் மெல்லிய சென்ஸ் வயர் ஒவ்வொன்றிலும் பியூஸ் இருக்கிறது. மின்னை வெட்டும் சுவிட்சான மொஸ்பெற் பழுதானால் பெரும்பாலும் ஷோர்ட் ஆகி, மின்னை விட்டபடியேதான் பழுதாகும், அப்போது பிஎம்எஸ் எதையும் வெட்டாது என்பதும் தெரியும். அதனால் பிரதான பியூஸ் தனியாக இருக்கிறது. சார்ஜ் போடுவது வெளியே தகரக் கொட்டிலில், ஆள் விழித்திருக்கும்போது. போதுமா?

சரி, கதைக்கு வருகிறேன். ஒழுங்கைக்குள் ஓடியவரை ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் வேலணைக்குப் போக வெளிக்கிட்டு, பண்ணைப் பாலத்தின் நடுவில் வண்டி செத்தது. உச்சி வெயில், எதிரே சோழகக் காற்று, இரண்டு பக்கமும் கடல். திறப்பைத் திருப்பிப் போட்டால் உயிர் வரும், கொஞ்சத் தூரத்தில் திரும்பவும் சாகும். கடைசியில் தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டில் பிஎம்எஸ் எழுதி வைத்த பதிவைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஏழாவது செல்தான் 2.5 வோல்றுக்கு விழுந்திருக்கிறது. மற்றவை 3.1இல் நிற்கின்றன. மீற்றர் வைத்தால் ஏழாவதும் 3.28, எட்டாவதும் 3.28.

செல் பழுது என்று முடிவு கட்டினேன். கொழும்பில் ஒருவரிடம் 9,000 ரூபாய் கொடுத்து ஒரு செல் எடுப்பித்து மாற்றினேன். திரும்பவும் அதே பாலம், அதே காற்று, அதே ஏழாவது.

இங்கேதான் எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். செல் மாறியும் இலக்கம் மாறவில்லை என்றால் குற்றம் செல்லில் இல்லை, அந்த இடத்தில். ஆனால் நான் என்ன செய்தேன்? போர்ட்டைக் குற்றம் சொல்லி இன்னும் இரண்டு கிழமை மினக்கெட்டேன். சிப்பின் அளவைத் திருத்தும் கெயின், ஓவ்செற் எண்கள் எல்லாவற்றையும் திரும்ப வாசித்து, நிரலைத் திரும்ப எழுதி... வீண்.

கடைசியில் விரல்தான் கண்டுபிடித்தது. ஓடிவிட்டு வந்த கையோடு சீற்றைத் தூக்கி, ஆறுக்கும் ஏழுக்கும் இடையிலுள்ள நட்டில் கை பட்டதும் சுட்டது. மற்ற நட்டுகள் இளஞ்சூடு. கழற்றிப் பார்த்தேன். செல்லின் முனை அலுமினியம். செல்லையும் செல்லையும் இணைக்கும் பஸ்பார் நான் வெட்டிப் போட்ட வெறும் செப்புத் தகடு, முலாம் கிடையாது. இந்த உப்புக் காற்றின் ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். தகட்டின் அடியில் வெள்ளைப் பொடி ஒட்டிக் கிடந்தது. செல்லை மாற்றியபோது அதே தகட்டைத் துடைக்காமல் திரும்பப் போட்டிருக்கிறேன். சென்ஸ் வயர் தகட்டின் மேல் நட்டோடு இருந்ததால், அந்த மூட்டில் விழும் வோல்றையும் ஏழாவது செல்லின் கணக்கிலேயே சிப் சேர்த்திருக்கிறது. வண்டி நின்றால் மின்னோட்டமில்லை, மூட்டில் வோல்றும் விழாது; அதனால்தான் மீற்றரில் எல்லாம் சரியாய்த் தெரிந்தது.

கணக்கைப் பாருங்கள். 3.1க்கும் 2.5க்கும் வித்தியாசம் 0.6 வோல்ற். எதிர்காற்றில் ஓடிய மின்னோட்டம் சுமார் 40 அம்பியர். அப்படியென்றால் மூட்டின் தடை 15 மில்லி ஓம், அதில் எரிந்த வலு 24 வாற். ஒரு சின்னச் சோல்டரிங் அயனைச் சீற்றுக்குக் கீழே கொளுத்தி வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஒழுங்கைக்குள் ஏன் நிற்கவில்லை என்றால், குறைந்த வோல்றுக்கு நான் 4 வினாடி தாமதம் வைத்திருந்தேன், அவ்வளவு நேரம் தொடர்ந்து குறைந்திருந்தால்தான் வெட்டும். ஒழுங்கையில் யார் 4 வினாடி முழுதாய் முறுக்கிப் பிடிக்கிறார்கள்? நாய் குறுக்கே வந்துவிடும்.

இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. சார்ஜ் ஏறும்போது அதே மூட்டு எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். 5 அம்பியரில் ஏழாவது செல் 75 மில்லி வோல்ற் கூடுதலாய்த் தெரியும். கூடிய செல்லை வடித்து எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் பலன்சிங், நான் எழுதிய நிரலில் 3.3 வோல்றிலேயே தொடங்கியது. "ஏழாவது கூடிவிட்டது" என்று நம்பி, ஒவ்வொரு சார்ஜிலும் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய் வடித்திருக்கிறது. நல்ல செல்லை உண்மையிலேயே பின்னுக்குத் தள்ளியது என் நிரல்தான். இந்த வகைச் செல் நடுப்பகுதியில் 3.3ஐ ஒட்டி நேர்கோடாய்ப் போகும், அந்த இடத்தில் எது கூட, எது குறைய என்று வோல்றை வைத்துச் சொல்ல முடியாது. இப்போது 3.45க்கு மேல், சார்ஜின் கடைசியில் மட்டும் பலன்சிங் செய்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். 24 வோல்ற் லொறி பல்ப் 75 வாற் இரண்டைத் தொடரில் பற்றரிக்குப் போடுங்கள், ஏறக்குறைய 3 அம்பியர் இழுக்கும். மீற்றரை மில்லி வோல்றுக்கு மாற்றி, ஒரு செல்லின் முனையில் ஒரு ஊசி, அடுத்த செல்லின் முனையில் மற்ற ஊசி. தகட்டில் வைக்காதீர்கள், செல்லின் முனையிலேயே வையுங்கள். நல்ல மூட்டு ஒன்றிரண்டு மில்லி வோல்றோடு நிற்கும். என்னுடையது 45 காட்டியது. அகப்பட்டால் சாண்ட் பேப்பரால் தேய்த்து, முலாம் பூசிய தகடு போடுங்கள். ஆத்திரத்தில் இறுக்க வேண்டாம், அலுமினிய மரை கையோடு வந்துவிடும். ஒரு செல் கூடவும் பக்கத்துச் செல் அதே அளவு குறையவும் காட்டி, இரண்டையும் கூட்டினால் சரியாய் வந்தால் அது வேறு வருத்தம்: இரண்டுக்கும் நடுவிலுள்ள சென்ஸ் வயர் விட்டுவிட்டது.

வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீற்றர் கையில் இருந்திருந்தால் எனக்கு இத்தனை நாள் போயிருக்காது. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் நாள் "ஒரு நாளைக்கு" என்று வாங்கிப்போனவர் தீர்த்தம் முடிந்தும் தரவில்லை. கேட்கப் போனால் நான்தான் ஏதோ கடன்காரன் மாதிரி முகத்தைச் சுழித்தார். திரும்பி வந்தபோது உள்ளே பற்றரி கசிந்து கிடந்தது. இந்த ஊரில் சைக்கிள் பம்பும் மீற்றரும் வைத்திருக்கிறவனுக்கு உறவுக்குக் குறைவில்லை. வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வந்த சொந்தமொன்று "ஏன் அண்ணை இந்தச் சோலி, ரெடிமேட் பிஎம்எஸ் வாங்கலாமே" என்று சிரித்தது. வாங்கியிருந்தாலும் அந்த நட்டு சுட்டிருக்கும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து, டைனமோவில் ரேடியோ போட்டு எங்கள் அப்பா செய்தி கேட்டவர். எனக்கு இது சோலியாய்த் தெரியவில்லை.

அந்தப் பழைய ஏழாவது செல்லைப் பிறகு முழுதாய் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். 28 அம்பியர் மணி கொடுத்தது. இப்போது கடையில் இரண்டு செல் போடும் ரேடியோ ஒன்று அதில் ஓடுகிறது. உங்கள் 14 மூட்டுகளின் மில்லி வோல்றையும் அளந்து கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.