மூன்று மாத நாய்க்குட்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, ரோத்தானை (பிரம்பை) காட்டிப் பழக்கலாமா?

வேண்டவே வேண்டாம். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று இந்தக் கேள்விக்கு இங்கே ஒருவர் பதில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் வேலை முடிந்து களைத்து வருகிறவர், வீட்டில் ஆளாளுக்குக் குட்டியை அதட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். பினாங்கில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பாதி வீட்டில் இதே கதைதான்.

எங்கள் முத்து கம்பத்து நாய், அதாவது கிராமத்து நாட்டு நாய். முதலில் வைத்திருந்தவர்கள் ரோத்தானால் அடித்தே வளர்த்திருந்தார்கள். எங்களிடம் வந்த புதிதில், கூட்ட விளக்குமாற்றை எடுத்தாலே சோபாவுக்கு அடியில் போய் மூத்திரம் விட்டுவிடும். தடவக் கை நீட்டினால் வயிறு தரையில் ஒட்டப் பம்மும். கை வந்தால் வலிக்கும் என்பது மட்டும்தான் அடி வாங்கி அது தெரிந்துகொண்டது.

எல்லோரும் "உட்கார்" என்பதில்தான் ஆரம்பிப்பார்கள். அவித்த கோழி ஈரலைச் சின்னதாகக் கிள்ளி மூக்குக்கு நேரே பிடித்து, மெல்லத் தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டுபோனால், மூக்கு மேலே போகப் போகப் பின்புறம் தானாக இறங்கும். தரையில் பட்ட நொடியே "சபாஷ்" என்று சொல்லி ஈரலைக் கொடுத்துவிட வேண்டும். எழுந்த பிறகு கொடுத்தால், எழுந்ததற்குத்தான் கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளும்.

முத்துவிடம் இது பலிக்கவில்லை. தலைக்கு மேலே கை போனதும் சுருண்டுவிடும். அதனால் "படு" என்பதை முதலில் எடுத்தேன். நானும் தரையில் உட்கார்ந்து, விரித்த உள்ளங்கையில் ஈரலை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருப்பேன். அதுவாக வந்து நக்கும். கை தாழவே இருந்ததால் பயம் விட்டது. பிறகு ஈரலைத் தரையோடு என் பக்கம் இழுத்தேன், முன்னங்காலை நீட்டிப் படுத்தது. "உட்கார்" வர ரொம்ப நாள் பிடித்தது, ஆனால் வந்தது.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், சாப்பாட்டுக்கு முன்னால். அம்மா "உட்கார்", பிள்ளை "சிட்", மாமா "டுடோக்" என்றால் குட்டி யார் பேச்சைக் கேட்கும்? வீடே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். "வா" என்று கூப்பிட்டு, வந்ததும் திட்டாதீர்கள். அப்புறம் அந்தச் சொல்லுக்கு வரவே வராது.

தீனி காட்டிப் பழக்கினால் தீனி இல்லாதபோது மதிக்காது என்பார்கள். பழகிய பிறகு எப்போதும் கொடுக்கக்கூடாது. சில முறை ஈரல், சில முறை தடவல். இன்றைக்கு முத்து வெறுங்கைக்கே உட்கார்கிறது. நான் இதையெல்லாம் படித்தவள் இல்லைதான், ஆனால் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் தேற்றியவள்.

"என் நாய், நான் அடிப்பேன்" என்கிறவர்களுக்கு: மலேசியாவின் 2015 விலங்கு நலச் சட்டப்படி மிருகவதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளை அழுகிறது என்று குட்டி வாங்குவது, பேச்சைக் கேட்கவில்லை என்று பெட்டியில் போட்டுப் பசார் ஓரம் விட்டுவிடுவது. 2015இல் வெறிநாய்க்கடி நோய் வந்தபோது பினாங்கில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். அதில் எத்தனை நாய் ஒரு காலத்தில் யாரோ பெயர் வைத்துக் கூப்பிட்டதோ! வயிறு எரிகிறது.

உங்கள் குட்டிக்குத் தடுப்பூசி முடியும்வரை ரோட்டில் இறக்கிவிடாதீர்கள். தூக்கிக்கொண்டு போய் மோட்டார் சத்தம், ஆள் கூட்டம் எல்லாம் இப்போதே பழக்குங்கள், வளர்ந்த பிறகு கஷ்டம்.