கார்ஸா, எஸ்.ஆர்.எஸ்ஸா? ராமன் நுண்ணோக்கி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எங்கள் துறையில் சாதாரண ராமன் நுண்ணோக்கி இருக்கிறது. அப்புறம் எதற்கு இரண்டு லேசர்கள் வேண்டிய கார்ஸ் (CARS, ஒத்திசைந்த ஆன்டி-ஸ்டோக்ஸ் ராமன்), எஸ்.ஆர்.எஸ் (SRS, தூண்டப்பட்ட ராமன்) முறைகள்?

பதில்: வேகத்துக்காக. ராமன் முறையில், மூலக்கூறுப் பிணைப்புகளின் அதிர்வால் நிறம் மாறிச் சிதறும் ஒளியைப் பார்க்கிறோம். சாதாரண ராமனில் அது மிகச் சொற்பம். ஒரு படத்துக்கே மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். இரண்டு லேசர்களின் அதிர்வெண் வித்தியாசம் ஒரு பிணைப்பின் அதிர்வோடு பொருந்தினால், குவியத்தில் உள்ள அந்தப் பிணைப்புகள் எல்லாம் ஒரே தாளத்தில் அதிரும், சிக்னல் பல மடங்கு கூடும். பம்ப் எனப்படும் லேசரை 817 நானோமீட்டர், ஸ்டோக்ஸ் எனப்படும் மற்றதை 1064 என்று வைத்தால் வித்தியாசம் 2841 செ.மீ⁻¹ (அதிர்வெண்ணைக் குறிக்கும் அலகு). கொழுப்பு பளிச்சென்று தெரியும் இடம் அது. சில வினாடிகளில் படம் கிடைத்துவிடும்.

கேள்வி: கல்லீரல் செல்களைக் கார்ஸில் படம் எடுக்கிறேன். ஓர் இடம் இன்னொன்றைவிட நான்கு மடங்கு வெளிச்சமாக இருந்தால் அங்கே கொழுப்பும் நான்கு மடங்கா?

பதில்: இல்லை. கார்ஸ் சிக்னல், அதாவது இரண்டு லேசரிலும் இல்லாத புதிய நிறத்தில் வரும் ஒளி, மூலக்கூறு எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பின்பற்றும், எனவே அது இரண்டு மடங்காகவே இருக்கலாம். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தண்ணீரும் கண்ணாடியும் எந்த அதிர்வும் இல்லாமலே அதே அலைநீளத்தில் ஒளி தருகின்றன. இந்தப் பின்னணி உங்கள் சிக்னலோடு கூடவும் செய்யும், கழியவும் செய்யும். அதனால் நிறமாலையின் உச்சி அதிர்வெண் குறைந்த பக்கம் சற்று நகர்ந்து, கூடிய பக்கத்தில் பள்ளம் விழும். இரண்டு லேசர்களின் வித்தியாசத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், கொழுப்புத்துளி சுற்றியுள்ள தண்ணீரைவிடக் கறுப்பாகத் தெரியும்.

அளவு வேண்டுமென்றால் எஸ்.ஆர்.எஸ்தான். 2008இல் ஹார்வர்டில் சன்னி ஷியே குழு அதை நுண்ணோக்கியில் காட்டியது. இதில் புதிய நிறம் எதையும் தேடுவதில்லை. பம்ப் கற்றை எவ்வளவு இழக்கிறது என்று பார்க்கிறோம். பொருந்தும் அதிர்வு இல்லையென்றால் இந்த இழப்பும் இல்லை. சிக்னல் செறிவுக்கு நேர்விகிதம், நிறமாலையும் சாதாரண ராமனோடு ஒத்துப்போகும். ஆனால் இழப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைப் பிடிக்க ஸ்டோக்ஸ் கற்றையை மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஏற்றி இறக்கி, அந்தத் தாளத்தில் மாறும் சிக்னலை மட்டும் பிடிக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபயரில் பிரித்தெடுக்க வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் எஸ்.ஆர்.எஸ்ஸில் பின்னணியே கிடையாதா?

பதில்: அப்படிச் சொல்பவர்களை முழுதாக நம்பாதீர்கள். ஹீமோகுளோபின் இரண்டு ஃபோட்டான்களைச் சேர்த்து உறிஞ்சும். சூடேறும் இடம் லென்ஸ் போலக் கற்றையை வளைக்கும். இரண்டும் எஸ்.ஆர்.எஸ் போலவே லாக்-இன்னில் தெரியும். லேசரை உச்சியிலிருந்து விலக்கி இன்னொரு படம் எடுங்கள். அதிலும் மிஞ்சி நிற்பது ராமன் அல்ல. அந்த இரண்டாவது படம் இல்லாத ஆய்வுக் கட்டுரையை நான் ஏற்பதில்லை.

கேள்வி: ஃபைபர் லேசர் மலிவாக இருக்கிறதே, வாங்கலாமா?

பதில்: கார்ஸுக்கு என்றால் தாராளமாக. அதன் சிக்னல், மேலே சொன்ன லேசர்களுக்கு, 663 நானோமீட்டரில் தனியாக வரும். ஃபில்டர் போட்டால் போதும். எஸ்.ஆர்.எஸ்ஸில் அந்த லேசரின் இரைச்சல் சிக்னலையே மூழ்கடிக்கும். அந்த இரைச்சலைக் கழிக்கும் சமநிலை டிடெக்டருக்கும் சேர்த்துச் செலவைக் கணக்கிடுங்கள்.

கேள்வி: நான் நோயியல் மருத்துவர். அறுவை அரங்கில் இது பயன்படுமா?

பதில்: பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. மூளைக் கட்டித் துண்டைச் சாயம் போடாமல் 2845, 2930 செ.மீ⁻¹ ஆகிய இரண்டு இடங்களில் எஸ்.ஆர்.எஸ் படம் எடுத்து, நீங்கள் பழகிய ஊதா-இளஞ்சிவப்பு நிறங்களில் காட்டுகிறார்கள். 2020இல் 278 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கட்டி எந்த வகை என்று கணினி 150 வினாடிக்குள் முடிவு சொன்னது. வழக்கமான முறைக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

கேள்வி: செல்லுக்குள் மருந்து போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். மைக்ரோமோலார் அளவில்தான் கொடுக்கிறேன்.

பதில்: செல் முழுக்கப் பரவினால் தெரியாது. பொதுவாக மில்லிமோலார், அதாவது அதைப்போல ஆயிரம் மடங்கு, தேவை. ஆனால் சில மருந்துகள் ஓரிடத்தில் குவியும். இமாடினிப் என்ற புற்றுநோய் மருந்து, செல்லின் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமுக்குள் ஆயிரம் மடங்குக்கு மேல் செறிவதை 2014இல் எஸ்.ஆர்.எஸ்ஸில் அளந்தார்கள். முதலில் உங்கள் துறையின் சாதாரண ராமனிலேயே மருந்துப் பொடியை வைத்து நிறமாலை எடுங்கள். செல்லின் உச்சிகளோடு மோதாத ஓர் உச்சி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.