கையெழுத்துக்கு முன் கலைந்த பேரங்கள்

விளையாட்டு: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க பேஸ்பாலில் முடிவாகும் தறுவாயில் முறிந்துபோன வீரர் பரிமாற்றங்களையும் ஒப்பந்தங்களையும் குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் இடம் தருகிறோம்.

கேள்வி: ஐ.பி.எல்.லில் ஒரு வீரரை வேறு அணிக்கு மாற்ற அவருடைய ஒப்புதலும் தேவை. பேஸ்பாலிலும் அப்படித்தானா? (சேலம் வாசகர்)

பதில்: பெரும்பாலான வீரர்களுக்கு அந்த உரிமை கிடையாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே, அதை வேறோர் அணிக்கு மாற்றிக்கொடுக்கும் அதிகாரமும் அணியின் கைக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டியான முதன்மை லீக்கில் பத்து ஆண்டுகள் ஆடி, அவற்றில் கடைசி ஐந்து ஆண்டுகளை ஒரே அணியில் கழித்தவரும், தம்மை மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டவரும் மட்டுமே மறுக்க முடியும்.

இந்தப் பாதுகாப்புகள் வருவதற்கு முன்பு, 1956 டிசம்பரில், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி தன் நட்சத்திர வீரர் ஜாக்கி ராபின்சனைப் பரம எதிரியான நியூயார்க் ஜயண்ட்ஸுக்குக் கொடுத்தது. எதிரி அணிக்கு ஆட மனமில்லாமல் அவர் விலகினார் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது முழு உண்மையல்ல. ஓய்வு பெறுவதென்று அவர் முன்பே முடிவு செய்து, ஒரு காபி நிறுவனத்தில் துணைத் தலைவர் பதவிக்கும் ஒப்புக்கொண்டிருந்தார். ஓய்வுச் செய்தியை முதலில் வெளியிடும் உரிமையை ஒரு பத்திரிகைக்கு விற்றிருந்ததால் அணியிடம் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். 1957 ஜனவரியில் செய்தி வெளியானது. பரிமாற்றம் செல்லாமல் போயிற்று.

கேள்வி: அலெக்ஸ் ரோட்ரிகஸ் பாஸ்டன் ரெட் சாக்ஸில் சேரவிருந்தது ஏன் நடக்கவில்லை? அது முறிந்ததால்தான் 2004இல் ரெட் சாக்ஸ் பட்டம் வென்றது என்கிறார்களே? (திருச்சி வாசகர்)

பதில்: நடக்காமல் போன பரிமாற்றங்களில் இதைவிடப் பெரிய கதை இல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2000 டிசம்பரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி ரோட்ரிகஸுடன் பத்து ஆண்டுகளுக்கு 25.2 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. அவர் குறையில்லாமல் ஆடினார். ஆனால் அந்த ஒருவரின் சம்பளத்துக்குப் பிறகு நல்ல பந்துவீச்சாளர்களை வாங்க வழியில்லாமல் அணி அடிமட்டத்திலேயே கிடந்தது. மூன்று ஆண்டுகள் கழிந்து, 2003இல், இன்னும் ஏழு ஆண்டுகளும் 17.9 கோடி டாலரும் பாக்கி இருந்தபோது, அவரை விட்டுவிட ரேஞ்சர்ஸ் முன்வந்தது.

பாஸ்டன் பதிலுக்குக் கொடுக்கவிருந்தது நட்சத்திர மட்டையாளர் மானி ராமிரெஸையும், அப்போது கீழ்நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த 19 வயது பந்துவீச்சாளர் ஜான் லெஸ்டரையும். அதோடு, ரோட்ரிகஸ் ஆடும் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) இடத்தில் ஏற்கெனவே இருந்த நோமார் கார்சியாபாராவைச் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு அனுப்பி, அங்கிருந்து மாக்லியோ ஒர்டோனெஸைக் கொண்டுவருவது இரண்டாவது பேரம். ராமிரெஸின் நிலைமையையும் நினைவில் வையுங்கள்: 2003 அக்டோபரில், அவருடைய சம்பளத்தை ஏற்றுக்கொள்ளும் எந்த அணியும் அவரை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பாஸ்டன் அறிவித்தும் ஒருவரும் கை நீட்டவில்லை.

அணிகள் இரண்டும் சம்மதித்தன. பாஸ்டனுக்குப் போவதற்காகத் தம் ஒப்பந்தத்தின் மதிப்பில் சுமார் 2.8 கோடி டாலரைக் குறைத்துக்கொள்ள ரோட்ரிகஸும் சம்மதித்தார். குறுக்கே நின்றது வீரர்கள் சங்கம். பதிலுக்குத் தக்க பலன் ஏதும் பெறாமல் எந்த வீரரும் கையெழுத்தான ஒப்பந்தத்தின் மதிப்பைக் குறைத்துக்கொள்ளக் கூடாது என்பது அணிகளும் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் விதி. சுமார் 1.2 கோடி வரை குறைப்பதற்கு மட்டுமே சங்கம் இடம் கொடுத்தது. அந்த இடைவெளியை யாரும் நிரப்பவில்லை. டிசம்பர் மாதத்திலேயே பேரம் முறிந்தது. சங்கத்தை அன்று பலரும் ஏசினார்கள், ஆனால் அது செய்ததே சரி என்பது என் கருத்து. லீக்கிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் விட்டுக்கொடுத்தால், அடுத்த ஆண்டு அதே கோரிக்கை சாதாரண வீரரின் முன்னால் வைக்கப்படும். அவரால் மறுக்க முடியாது.

பிறகு நடந்ததைக் கற்பனைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டோம். 2003 அக்டோபரில் பதினோராவது இன்னிங்ஸில் ஹோம்ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்து ரெட் சாக்ஸை வெளியேற்றிய நியூயார்க் யாங்கீஸ் வீரர் ஆரன் பூன், 2004 ஜனவரியில் பொழுதுபோக்காகக் கூடைப்பந்து ஆடப்போய் முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். அவர் ஆடிய மூன்றாம் பேஸ் தடுப்பாளர் இடத்துக்கு ஆள் தேடிய யாங்கீஸ், பிப்ரவரியில் அல்ஃபோன்சோ சொரியானோவைக் கொடுத்து ரோட்ரிகஸையே வாங்கிவிட்டது. சம்பளத்தில் 6.7 கோடி டாலரை ரேஞ்சர்ஸே ஏற்றுக்கொண்டதால் சங்கம் மறுக்க எதுவும் இருக்கவில்லை.

2004 அக்டோபரில் யாங்கீஸுடனான ஏழு ஆட்டத் தொடரில் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்ற ரெட் சாக்ஸ், அடுத்த நான்கையும் வென்று, 1918க்குப் பிறகு முதல் முறையாக, பட்டத்தை முடிவு செய்யும் உலகத் தொடரையும் கைப்பற்றியது. உலகத் தொடரின் சிறந்த வீரர் மானி ராமிரெஸ். லெஸ்டரோ 2006இல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறி, 2007 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை வென்று கொடுத்தார். இவற்றையெல்லாம் அடுக்கிவைத்து பாஸ்டன் தப்பித்தது என்று சொல்வது எளிது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. 2005இல் 48 ஹோம்ரன் அடித்தவர், 2005, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றவர் பாஸ்டன் சீருடையில் ஆடியிருந்தால் 2004 எப்படிப் போயிருக்கும் என்பதை யாரும் அளந்து சொல்ல முடியாது.

கேள்வி: ஜோ டிமாஜியோவும் டெட் வில்லியம்ஸும் ஒருவருக்கொருவர் மாற்றப்படவிருந்தார்கள் என்பது உண்மையா? (மதுரை வாசகர்)

பதில்: 1940களின் பிற்பகுதியில் யாங்கீஸ் உரிமையாளர் டான் டாப்பிங்கும் ரெட் சாக்ஸ் உரிமையாளர் டாம் யாக்கியும் நியூயார்க்கில் மது அருந்தியபடி, யாங்கீஸின் டிமாஜியோவையும் ரெட் சாக்ஸின் வில்லியம்ஸையும் மாற்றிக்கொள்ள இரவோடு இரவாக ஒப்புக்கொண்டதாகவும், விடிந்ததும் யாக்கி கூடுதலாக யாங்கீஸ் வீரர் யோகி பெர்ராவையும் கேட்டதால் டாப்பிங் மறுத்ததாகவும் வழங்கும் கதை இது. எழுத்தில் எதுவும் இல்லை; ஆண்டுகூட சொல்பவரைப் பொறுத்து மாறுகிறது. ஆனால் யோசனையில் நியாயம் உண்டு. வலக்கை ஆட்டக்காரரான டிமாஜியோவுக்கு பாஸ்டன் மைதானத்தின் இடப்பக்கச் சுவர் உயரமென்றாலும் மிக அருகில் இருந்தது. இடக்கை ஆட்டக்காரரான வில்லியம்ஸுக்கு யாங்கீஸ் மைதானத்தின் வலப்பக்க எல்லை கிட்டத்தில் இருந்தது. பெர்ரா பின்னர் பத்து உலகத் தொடர்களை வென்ற அணிகளில் ஆடினார் என்பதால், டாப்பிங் மறுத்தது உண்மையானால் அது கெட்டிக்காரத்தனமே.

கேள்வி: மருத்துவப் பரிசோதனையால் ஒப்பந்தங்கள் முறிவது உண்மையான காரணமா, சாக்கா? (யாழ்ப்பாண வாசகி)

பதில்: இரண்டும் உண்டு. 2022 டிசம்பரில் கார்லோஸ் கொரேயா சான்பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுடன் 13 ஆண்டுகளுக்கு 35 கோடி டாலருக்கு உடன்பட்டார். அறிமுகக் கூட்டத்துக்கான நாளும் குறித்தாயிற்று. 2014இல் அறுவைச் சிகிச்சை செய்த வலது காலைக் குறித்து மருத்துவர்கள் ஐயம் எழுப்ப, கூட்டம் அன்று காலையிலேயே நிறுத்தப்பட்டது. உடனே நியூயார்க் மெட்ஸ் 12 ஆண்டுகளுக்கு 31.5 கோடி என்றது. அதன் மருத்துவர்களும் அதே காலைப் பார்த்துத் தயங்கினார்கள். 2023 ஜனவரியில் அவர் பழைய அணியான மினசோட்டா ட்வின்ஸுக்கே 6 ஆண்டுகள், 20 கோடி என்ற கணக்கில் திரும்பினார். அடுத்த இரண்டு பருவங்களிலும் அவரைப் படுத்தியது பாத அழற்சி. மருத்துவர்கள் அஞ்சிய பழைய காயம் அல்ல.

2015 ஜூலை 29 அன்று மெட்ஸ் வீரர் வில்மர் ஃபுளோரெஸ், தம்மை மில்வாக்கி அணிக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஆட்டத்தின் நடுவே ரசிகர்களின் கைப்பேசி வழியே பரவிய செய்தியைக் கேட்டு மைதானத்திலேயே அழுதார். பதிலுக்கு வரவிருந்த கார்லோஸ் கோமெஸின் இடுப்பில் குறை இருப்பதாகச் சொல்லி மெட்ஸ் பின்வாங்கியது. மறுநாளே ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அதே கோமெஸை வாங்கிக்கொண்டது. ஃபுளோரெஸ் இரண்டு நாள் கழித்து, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் வெற்றி ஹோம்ரன் அடித்தார்.

கேள்வி: அணிகள் சம்மதித்த பிறகும் லீக் நிர்வாகம் தடுக்க முடியுமா? (கோவை வாசகர்)

பதில்: முடியும். 1976 ஜூன் 15 அன்று ஓக்லாந்து அணியின் உரிமையாளர் சார்லி ஃபின்லி, தம் வீரர்களில் வைடா ப்ளூவை 15 லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கும், ஜோ ரூடி, ரோலி ஃபிங்கர்ஸ் இருவரையும் தலைக்கு 10 லட்சத்துக்கு ரெட் சாக்ஸுக்கும் விற்றார். ஆட்டத்தின் நலனுக்கு உகந்ததல்ல என்று லீக்கின் தலைமை நிர்வாகியான ஆணையர் போவி குன் மூன்று நாட்களில் மூன்று விற்பனைகளையும் ரத்து செய்தார். ஃபின்லி வழக்குத் தொடுத்தும், மேல்முறையீட்டிலும் தோற்றார். ரூடியும் ஃபிங்கர்ஸும் அந்தப் பருவம் முடிந்ததும் ஒப்பந்தத் தளை நீங்கி வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்காக ஃபின்லிக்கு ஒரு டாலரும் வரவில்லை.