சுட்டும் விரலைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 22 மாதம். ஒரு வயதில் 'அம்மா', 'பந்து', 'டாட்டா' என்று நாலைந்து வார்த்தை சொன்னான். இப்போது ஒன்றுமே சொல்வதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் அடுத்த அறையில் போனில் பாட்டு கேட்டால் ஓடி வருவான். பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறான். 'ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசும்' என்கிறார்கள் வீட்டில். நான் வேலைக்குப் போவதால்தான் இப்படி என்றும் ஒரு பேச்சு. இது ஆட்டிசமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஆட்டிசமா இல்லையா என்பதைக் குழந்தையை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் பேசிவிடுவான் என்று காத்திருக்கலாமா என்றால், கூடாது. வந்த பேச்சு நின்றுபோனது ஒன்றே போதும், இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துப் போக.

ஸ்பீச் தெரபிஸ்டாக என் பகல் முழுக்க இந்த வயதுக் குழந்தைகளோடுதான் கழிகிறது. பெற்றோர் எல்லோரும் வார்த்தைக் கணக்கோடு வருவார்கள். நான் முதலில் பார்ப்பது குழந்தையின் ஆள்காட்டி விரலை. விமானம் போனால் ஒன்றரை வயதுக் குழந்தை விரல் நீட்டிக் காட்டும், உடனே திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். 'நீயும் பார்த்தாயா?' என்று கேட்கிற பார்வை அது. என்னிடம் வந்த ஒரு சிறுவன், சோப்புக் குமிழி பாட்டில் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து அலமாரிவரை இழுத்துப் போய், என் கையைத் தூக்கி பாட்டில் மேல் வைப்பான். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்க மாட்டான். உங்கள் மகன் விரல் நீட்டுகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. இன்று மாலையே கவனியுங்கள்.

பாட்டுக்கு ஓடி வருகிறான் என்பதால் காதில் குறையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில ஒலிகள் கேட்டு, சில கேட்காமல் போவதும் உண்டு. செவித்திறன் சோதனை அவசியம். 'எம்-சாட்' என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. அதன் 20 கேள்விகளுக்கும் பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். மேற்கொண்டு விரிவாகப் பார்க்க வேண்டுமா என்பதைத்தான் அது சொல்லும், அதை வைத்தே ஆட்டிசம் என்று முடிவாகிவிடாது. போகும்போது அவன் விளையாடுவதையும் நீங்கள் கூப்பிடும்போது அவன் இருப்பதையும் போனில் வீடியோ எடுத்துப் போங்கள். புது இடத்தில் பத்து நிமிடத்தில் தெரியாதது அதில் தெரியும்.

நீங்கள் வேலைக்குப் போனதற்கும் இதற்கும் துளியும் சம்பந்தமில்லை. 1943இல் மனநல மருத்துவர் லியோ கன்னர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய பிறகு, தாயின் பாசக் குறைவே காரணம் என்று பல வருடம் தாய்மாரை அழவைத்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பனான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், 1964இல் அது தவறு என்று வாதிட்டு எழுதினார். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தடுப்பூசியால் என்று யாராவது கிளப்பினால் நம்பாதீர்கள். அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998ஆம் வருடக் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது.

சரி, வீட்டில் என்ன செய்வது? பரிசோதனை முடியட்டும் என்று இருக்க வேண்டாம். அவனோடு தரையில் உட்காருங்கள். காரைப் பிடுங்காமல், நீங்களும் ஒரு காரைக் கவிழ்த்துச் சுற்றுங்கள். 'சுத்துது, சுத்துது... நின்னுபோச்சு!' என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். குமிழிச் சிறுவனிடம் ஒரு தடவை ஊதிவிட்டு, மூடியை இறுக்கி, பாட்டிலை என் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுவேன். மூன்றாவது வாரம் அவன் கண் பாட்டிலிலிருந்து என் முகத்துக்கு வந்து போனது. உடனே ஊதினேன். வார்த்தை வரப் பல மாதம் ஆயிற்று. 'என்னைப் பார்' என்று தாடையைப் பிடித்துத் திருப்புவது மட்டும் வேண்டாம், பல குழந்தைகளுக்கு அது வேதனை.

கேள்வி: மூன்று வயதுப் பேத்தி விளம்பரங்களை அப்படியே ஒப்பிக்கிறாள். ஆனால் தாகம் எடுத்தால் 'தண்ணி வேணுமா?' என்று நம்மையே கேட்கிறாள். புத்திசாலியா, பிரச்சினையா?
- ஒரு தாத்தா

பதில்: புத்திசாலிதான் ஐயா, உதவியும் தேவை. நீங்கள் தண்ணீர் தரும்போது கேட்கிற அதே வாக்கியத்தை அவள் கேட்பதற்கான வாக்கியமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். திட்டாதீர்கள், அது அவள் பேச எடுக்கும் முயற்சி. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இப்படிக் கேட்டதையே திருப்பிச் சொல்வது அதிகம் என்பதால் மருத்துவரிடமும் காட்டுங்கள். இனி டம்ளரை நீட்டும்போது கேள்வி வேண்டாம். அவள் சொல்ல வேண்டியதை அவள் இடத்திலிருந்து 'தண்ணி குடு, தாத்தா' என்று நீங்களே சொல்லி, உடனே கொடுத்துவிடுங்கள்.